மாத்திரைக்குள் அடைத்த நார்

போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கிற நார்ச்சத்து மாத்திரைன்னு ஒண்ணு பார்த்தேன். மருந்து கிடையாதாம், வெறும் நார்தானாம். வயிறு நெறஞ்ச மாதிரி இருக்குமாம், பசியே எடுக்காதாம். நீ முன்னாடி சாப்பிட்டல்ல? நெஜமாவே எடை கொறையுதா?"

சட்டென்று பதில் வரவில்லை. குறையாது என்றால் அது முழு உண்மையில்லை. குறையும் என்றால், அவள் எந்த அளவை மனத்தில் வைத்துக் கேட்கிறாளோ அந்த அளவுக்கு அது பொய். "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. அவளைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயும் போடுகிறேன்.

முதலில் என் அனுபவம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் எடை 78 கிலோ. முழங்கால் வலிக்காகப் போனபோது, ஐந்து கிலோவாவது குறைத்தால் மூட்டுக்கு நல்லது என்றார் மருத்துவர். அதற்கு முன்பே பலமுறை முயன்று விட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் பசி தாங்காமல்தான் விட்டது. அதனால் பசியை அடக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பொருள் கண்ணில் பட்டபோது, எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. வேளைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு என்று நான்கு மாதம் விடாமல் எடுத்தேன். கடைசியில் ஒன்றரை கிலோ குறைந்திருந்தது.

அந்த ஒன்றரை கிலோவை மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. அதே நான்கு மாதத்தில் இரவு நொறுக்குத்தீனியை நிறுத்தியிருந்தேன். மாலையில் நடக்கவும் தொடங்கியிருந்தேன். எது எதனால் குறைந்தது என்று என் ஒரு உடம்பை வைத்துக்கொண்டு சொல்ல வழியே இல்லை. மாத்திரை சாப்பிட்டுப் பத்துக் கிலோ குறைத்ததாகச் சொல்பவருக்கும் இதே சிக்கல்தான். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரையும் மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று சொல்லாமல் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விடை தெரியும். நல்லவேளையாக இந்த விஷயத்தில் அப்படிப்பட்ட ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன.

நான் எடுத்தது குளுக்கோமன்னான். கொஞ்சாக் என்ற கிழங்கிலிருந்து எடுக்கும் நார் அது. சேனைக்கிழங்கும் கொஞ்சாக்கும் ஒரே பேரினத்துச் செடிகள். இந்த நார் தண்ணீரைப் பார்த்தால் தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சிக் கொழகொழவென்று கூழாகிவிடும். இசப்கோல் உமியும், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் இதே வகைதான். கூழ் வயிற்றில் இடத்தை அடைக்கிறது. வயிறு காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. சர்க்கரை மெதுவாக ரத்தத்தில் சேர்கிறது. குளுக்கோமன்னான் போன்ற நார்களைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இதுவரை சொன்னது எல்லாமே உண்மை. விளம்பரமும் இதைத்தான் சொல்கிறது. வயிறு கொஞ்ச நேரம் நிறைந்திருப்பதிலிருந்து எடை குறைவதற்குப் போகிற அடுத்த படியில்தான் கால் வழுக்குகிறது.

நார் பசியை எந்த அளவுக்கு அடக்குகிறது என்று பார்த்த ஆய்வுகளை 2013-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சோதித்த நார் வகைகளில் 39 விழுக்காடுதான் பசி குறைந்ததாக மக்களைச் சொல்லவைத்தது. அடுத்த வேளை உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடவைத்தது 22 விழுக்காடு மட்டுமே. வயிறு நிறைந்தாற்போல் தோன்றுவதும் கை தட்டிலிருந்து விலகுவதும் ஒன்றல்ல. இதைப் படித்தபோது எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அந்த நான்கு மாதமும் மாத்திரை போட்ட பிறகும் பசித்தபோதெல்லாம், எனக்குத்தான் மனவுறுதி போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். நான் வாங்கியதைப் போன்ற நார்கள் பெரும்பாலும் பசியை அடக்குவதில்லை என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

எடையைப் பற்றிய எண்களுக்கு வருகிறேன். 1984-இல் 20 பெண்களை வைத்து எட்டு வாரம் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 3 கிராம் குளுக்கோமன்னான் எடுத்தவர்களுக்குச் சராசரியாக இரண்டரை கிலோ குறைந்தது. இந்த மாத்திரைகளுக்கு ஆதாரமாகப் பல இடங்களில் காட்டப்படும் ஆய்வு இது. இருபதே பேர். 2013-இல் 53 பேரை வைத்து அதே எட்டு வாரம், நாளுக்கு ஏறக்குறைய 4 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நார் எடுத்தவர்களுக்குக் குறைந்தது 0.40 கிலோ. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 0.43 கிலோ. அடுத்த ஆண்டு குளுக்கோமன்னான் ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த வித்தியாசம் 0.22 கிலோ, அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவு. குவார் பிசினுக்கு 2001-லேயே இதே போன்ற கூட்டாய்வு நடந்து, எடையைக் குறைக்க அது உதவவில்லை என்று முடிந்திருந்தது.

இன்னும் பெரிய கணக்கு 2020-இல் வந்தது. கூழாகும் நார்கள் எல்லாவற்றையும் சேர்த்து 62 சோதனைகள், 3,877 பேர். சராசரியாக நாளுக்கு 7 கிராம் நார். உணவில் கலோரியைக் குறைக்கச் சொல்லாமல் நாரை மட்டும் சேர்த்தபோது குறைந்த எடை 0.33 கிலோ. இடுப்பளவு முக்கால் சென்டிமீட்டருக்கும் கீழே. இந்த எண் தற்செயல் அல்ல, நம்பத்தக்கது. நார் ஏதோ செய்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் 330 கிராம் என்பது இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் ஏறிவிடுகிற எடை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பருமனானவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட 12 சோதனைகளை 2017-இல் கூட்டியபோது இரண்டரை கிலோ வரை வித்தியாசம் வந்தது. அந்தச் சோதனைகள் சிறியவை. முடிவுகளும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டவை. நான் 62 சோதனைக் கணக்கின் பக்கம்தான் சாய்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2010-இல் குளுக்கோமன்னானுக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னது. அதை வைத்துத்தான் அங்கே விற்கும் டப்பாக்களில் எடைக் குறைப்பு என்று அச்சடிக்க முடிகிறது. ஆனால் அந்த வாசகத்தை முழுதாகப் படிக்க வேண்டும்: நாளுக்கு 3 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன், ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு, கலோரி குறைத்த உணவுமுறையோடு சேர்த்து. கலோரி குறைத்த உணவுமுறை என்கிற கடைசி நிபந்தனைதான் எடையைக் குறைக்கிற பெரிய வேலையைச் செய்கிறது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பிளெனிட்டி. செல்லுலோஸையும் சிட்ரிக் அமிலத்தையும் பிணைத்துச் செய்த கூழ்மணிகள் நிறைந்த மாத்திரை அது. உடம்பில் கலக்காமல் இடத்தை அடைத்து மட்டுமே வேலை செய்வதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் அதை மருந்தாக அல்லாமல் மருத்துவச் சாதனமாக அனுமதித்தது. 436 பேர், 24 வாரம். எல்லோரும் நாளுக்கு 300 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். உண்மையான மாத்திரை எடுத்தவர்களுக்கு உடல் எடையில் 6.4 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.4 விழுக்காடு. அதாவது 80 கிலோ உள்ள ஒருவருக்கு ஆறு மாதத்தில் ஐந்து கிலோ போகிறதென்றால், அதில் மூன்றரை கிலோ சாப்பாட்டைக் குறைத்ததால் போனது. ஒன்றரை கிலோதான் மாத்திரையின் பங்கு. இந்த வகையில் கவனமாக வடிவமைத்துச் சோதித்த பொருளின் நிலையே இது. அதைத் தயாரித்த நிறுவனம் 2023-இல் திவாலானது.

கைட்டோசான் பற்றி ஒரு வரி. நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கும் இந்த நார் சாப்பாட்டிலுள்ள கொழுப்பைப் பிடித்து வெளியேற்றும் என்று விற்கிறார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் ஆண்களிடம் அது பிடித்த கொழுப்பு நாளுக்கு இரண்டு கிராமுக்கும் கீழே. அரைக் கிலோ கொழுப்பு போக ஏழு மாதத்துக்கு மேல் ஆகும்.

இனி எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். நார்ச்சத்து நிறைந்த உணவை உண்பவர்கள் எடை குறைவாக இருக்கிறார்கள் என்பது பொய்யில்லை. 2001-இல் வந்த ஒரு தொகுப்பில், நாளுக்கு 14 கிராம் நார் கூடுதலாகச் சேர்த்தவர்கள் கிட்டத்தட்ட பத்து விழுக்காடு குறைவாகச் சாப்பிட்டதாகவும், நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 1.9 கிலோ இழந்ததாகவும் கணக்கிட்டார்கள். அப்படியென்றால் அந்த நாரை மட்டும் பிரித்து மாத்திரையில் அடைத்தால் ஏன் அதே பலன் வருவதில்லை?

முதல் காரணம் வெறும் கூட்டல் கழித்தல். டப்பாவின் பின்பக்கத்தை ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு மாத்திரையில் அரை கிராம் நார். ஆறு மாத்திரைக்கு 3 கிராம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 14 கிராம் கூட்ட வேண்டுமென்றால் 28 மாத்திரை விழுங்க வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழரை கிராம் நார் இருக்கிறது. தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் நான்கு கிராமுக்கு மேல். நான்கு மாதம் ஆறு ஆறாக எண்ணி விழுங்கியவை எல்லாம் சேர்ந்து, நாள்தோறும் ஓர் ஆப்பிளுக்கு ஈடாகவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. 2009-இல் 58 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. மதிய உணவுக்கு முன் ஒருநாள் முழு ஆப்பிள், ஒருநாள் மசித்த ஆப்பிள், ஒருநாள் ஆப்பிள் சாறு, ஒருநாள் நார் கலந்த ஆப்பிள் சாறு, ஒருநாள் எதுவுமில்லை. எல்லாவற்றிலும் கலோரி ஒன்றே. முழு ஆப்பிள் தின்ற நாளில், அந்த ஆப்பிளையும் சேர்த்தே, மதியம் உள்ளே போனது 15 விழுக்காடு குறைவு. ஏறக்குறைய 187 கலோரி. சாறு அந்த வேலையைச் செய்யவில்லை. சாற்றில் நாரைக் கலந்து கொடுத்தும் பலன் கூடவில்லை. பழத்திலிருந்து நாரைப் பிரித்து எடுத்த பிறகு, அதே நாரைத் திரும்பக் கலந்தாலும் பழம் திரும்பி வருவதில்லை. இதற்கும் முன்னால், 1977-இலேயே, முழு ஆப்பிளைத் தின்ன ஆகும் நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கில் சாறு உள்ளே போய்விடுகிறது என்றும், சாற்றுக்குப் பின் இன்சுலின் அதிகம் ஏறுகிறது என்றும் அளந்து காட்டியிருந்தார்கள்.

உணவிலுள்ள நாரில் பெரும்பகுதி செடியின் செல்களைச் சுற்றியுள்ள சுவர்தான். சுவர் முழுதாக இருக்கும்போது உள்ளே இருக்கும் மாவும் சர்க்கரையும் அதற்குள் அடைபட்டிருக்கின்றன. பல் அதை உடைக்க வேண்டும், வயிறு அரைக்க வேண்டும், குடல் பிரிக்க வேண்டும். இந்த நேரமெல்லாம் சேர்ந்துதான் போதும் என்ற உணர்வு. மாத்திரையில் இருப்பது சுவர் எதுவும் இல்லாத தூள். மெல்ல எதுவும் இல்லை, அடைத்துவைக்கவும் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கொண்டைக்கடலை தட்டில் ஒரு கிண்ணம் இடம் பிடித்தால், அங்கே இருந்த வேறு ஏதோ ஒன்று வெளியே போகிறது. சோறோ, பொரித்ததோ, இனிப்போ. மாத்திரை தட்டிலிருந்து எதையும் வெளியே தள்ளுவதில்லை. சாப்பாடு அப்படியே இருக்கிறது, அதன்மேல் வேளைக்கு ஒரு கிராம் நார் சேர்கிறது. என் நான்கு மாதத்தை இப்போது திரும்பிப் பார்த்தால் இதுதான் தெரிகிறது. இரவு நொறுக்குத்தீனியை நிறுத்தினேனே தவிர, மாத்திரை போட்டுவிட்ட தைரியத்தில் மூன்று வேளைத் தட்டை நான் கவனிக்கவே இல்லை.

இதற்கு நேரெதிரான சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2015-இல் வெளிவந்தது. 240 பேர். பாதிப் பேருக்கு அமெரிக்க இதய சங்கத்தின் விரிவான உணவு விதிகள் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒரே ஒரு சொல்: நாளுக்கு 30 கிராம் நார் வருகிற மாதிரிச் சாப்பிடுங்கள். வேறு எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து விதிகளைப் படித்தவர்களுக்கு 2.7 கிலோ குறைந்திருந்தது. நாரை மட்டும் எண்ணியவர்களுக்கு 2.1 கிலோ. அவர்களைப் பசியோடு இருக்கச் சொன்னவர் யாரும் இல்லை. பசிக்குப் பயந்து பயந்து ஒவ்வொரு முறையும் விட்டவள் நான். இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

நார்ப்பொடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இசப்கோல் மலச்சிக்கலுக்கு உதவுகிறது, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் குறைக்கிறது. இதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது. எடைதான் அதன் வேலை இல்லை.

தங்கைக்கு இதுவரை அனுப்பியதும் உடனே பதில் வந்தது. "ஐயோ அக்கா, நேத்தே ஒரு டப்பா வாங்கிட்டேனே." அதனால் கடைசியாக எழுத நினைத்ததை விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று.

வாங்கிவிட்டாய், சரி. முதலில் தொண்டை. நான் எடுக்கத் தொடங்கி நான்காவது வாரம், ஓர் இரவு அவசரத்தில் இரண்டு மாத்திரையை ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கினேன். மார்புக்கூட்டின் நடுவில் நின்றுவிட்டது. மேலே தண்ணீர் குடித்தால் அதுவும் இறங்கவில்லை, எச்சிலும் இறங்கவில்லை. இருபது நிமிடம் கழித்து வாந்தியோடு வெளியே வந்தபோது அது மாத்திரையாக இல்லை, கட்டைவிரல் பருமனுள்ள பசையாக இருந்தது. வயிற்றில் நடக்க வேண்டிய ஊறல் வழியிலேயே நடந்துவிட்டது. இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. குளுக்கோமன்னானை மாத்திரை வடிவில் விற்பதை ஆஸ்திரேலியா 1980-களிலேயே தடை செய்தது. 2010-இல் கனடா சுகாதாரத் துறை மூச்சடைப்பு அபாயம் பற்றி எச்சரித்தது. அமெரிக்காவில் குவார் பிசினால் செய்த கால்-பான் 3000 என்ற மாத்திரையால் பலருக்கு உணவுக்குழாய் அடைத்துக்கொண்டது. 1991-இல் எடைக் குறைப்புப் பொருள்களில் குவார் பிசினுக்கு அங்கே தடை வந்தது.

ஆகவே எடுத்தால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடு. படுக்கப் போகும்முன் ஒருபோதும் வேண்டாம். விழுங்கும்போது எப்போதாவது சிக்குகிற பழக்கம் இருந்தாலோ, குடலில் அடைப்பு வந்த வரலாறு இருந்தாலோ தொடவே கூடாது. நெஞ்சு அடைத்து எச்சிலும் இறங்கவில்லை என்றால், நான் செய்ததுபோல வீட்டிலேயே காத்திருக்காதே, மருத்துவமனைக்குப் போ.

அடுத்தது உன் தைராய்டு மாத்திரை. இதைத்தான் நீ போனில் சொல்லவே இல்லை. கூழ் அதைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரும் மருந்தின் அளவு குறையும். தைராய்டு குறைந்தால் எடை ஏறும் என்பது உனக்கே தெரியும். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, அதற்கு நான்கு மணி நேரம் கழித்துத்தான் இது. அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இப்படி ஒன்று எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடு. அம்மாவுக்கும் ஆசை வந்து கேட்டால் கொடுக்காதே. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்; அவருடைய மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

முதல் வாரம் நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள், இல்லையென்றால் வயிறு ஊதிப்போகும். டப்பா தீர்ந்ததும் எடை பார்த்துச் சொல். குறைந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அதுவரை தினமும் என்னென்ன சாப்பிட்டாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. பக்கத்திலேயே நார் எத்தனை கிராம் என்று ஒரு கட்டம் போட்டுக்கொள். எப்படி எண்ணுவது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லித் தருகிறேன்.